டிராக் ரேஸுக்கு வண்டி தயார் பண்ணுகிறீர்களா? முதலில் நிற்க வழி பாருங்கள்

திருநெல்வேலி ஜங்ஷனோ, வண்ணார்பேட்டையோ, பாளையங்கோட்டையோ, எந்தப் பட்டறையில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலும் காதில் விழுகிற கேள்வி இதுதான்: "அண்ணாச்சி, வண்டி இன்னும் கொஞ்சம் பறக்கணும், என்ன மாத்தலாம்?" ஏர் ஃபில்டர், சைலன்சர், ஸ்ப்ராக்கெட், ரீமேப் என்று பதிலும் உடனே வந்துவிடும். பறந்த வண்டி எப்படி நிற்கும், உள்ளே ஏதாவது உடைந்தால் எந்தப் பக்கம் தெறிக்கும், தீப்பிடித்தால் வெளியே வர எத்தனை வினாடி கிடைக்கும் என்று கேட்கிறவர்கள் ரொம்பக் குறைவு. டிராக் ரேஸில் (drag race: இரண்டு வண்டி பக்கத்துப் பக்கம் நின்று கிளம்பி, நேர்கோட்டில் முழு வேகத்தில் ஓடுகிற பந்தயம்) ஆசை உள்ள, கையில் ஒரு பைக்கோ காரோ வைத்திருக்கிற, முறையான போட்டியில் போய் ஓட்டிப் பார்க்க நினைக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் வடத்தைப் பிடிக்க ஊரே வந்து நிற்கும். ஆனால் ரதவீதி முக்கில் தேர் எந்தப் பக்கம் திரும்பும், எங்கே நிற்கும் என்பது சக்கரத்தடியில் சறுக்குக்கட்டை போடுகிற சில பேர் கையில்தான் இருக்கிறது. டிராக் ரேஸும் அப்படித்தான். அமெரிக்காவில் தொழில்முறையாக ஓட்டுகிறவர்களின் வண்டியைப் பிரித்துப் பார்த்தால் நிறையச் சாமான் வேகத்துக்கே சம்பந்தமில்லாதது; நிறுத்துவதற்கும், உடைந்ததை உள்ளேயே பிடித்து வைப்பதற்கும், ஓட்டுகிறவரைக் காப்பாற்றுவதற்கும் உள்ளது. உங்களிடம் பத்து ரூபாய் இருந்தால் முதல் ஆறு ரூபாயை அங்கே போடுங்கள் என்பதுதான் என் கட்சி.

எங்கே ஓட்டுவது

இதை முதலில் முடித்துவிடலாம். மூன்றடைப்பு, நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் நான்குவழிச்சாலை நேராக, அகலமாக, ராத்திரியில் காலியாகத்தான் கிடக்கிறது. அதைப் பார்த்துத்தான் ஆசை வருகிறது. பொதுச்சாலையில் ரேஸ் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189ஆவது பிரிவில் மாட்டுவீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும். ஓட்டியது பதினெட்டு வயதுக்குக் குறைந்த பையன் என்றால் வண்டியைக் கொடுத்த அப்பாவும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். ஆனால் சட்டத்தை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, அது கணக்கு.

நல்ல பிரேக், காய்ந்த தரை, பதறாத கை என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வினாடிக்கும் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் குறைகிறது என்று போடுங்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து நிற்க சுமார் 77 மீட்டர் வேண்டும். 200 கிலோமீட்டரில் இருந்து நிற்க? இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு, சுமார் 309 மீட்டர். வேகம் இரட்டித்தால் வண்டியில் ஏறியிருக்கிற ஆற்றல் நான்கு மடங்கு ஆகிவிடும், அதனால்தான். இதில் நீங்கள் பிரேக்கைத் தொடுவதற்கு ஒரு வினாடி யோசித்தால் அதுவே இன்னொரு 55 மீட்டர். கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓடுகிற பந்தயத்துக்குப் பின்னால் ஆள் இல்லாத, வளைவு இல்லாத, மீடியன் திறப்பு இல்லாத இன்னொரு அரை கிலோமீட்டராவது வேண்டும். நான்குவழிச்சாலையில் அப்படி ஒரு துண்டு கிடையாது. ஊருக்குள் இருந்து எதிர்த்திசையில் வருகிற டிவிஎஸ் எக்ஸ்எல், விளக்கில்லாத டிராக்டர், படுத்திருக்கிற மாடு, இதில் ஏதாவது ஒன்று குறுக்கே இருக்கும். அதோடு பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆனி ஆடியில் அடிக்கிற காற்று இருக்கிறதே, காற்றாலையைச் சுற்றுகிற அதே காற்று, மணிக்கு 150 கிலோமீட்டரில் போகிற பைக்கைப் பக்கவாட்டில் இருந்து தள்ளினால் ஒரு லேன் மாறிப் போய்விடும்.

ஆக, ஓட வேண்டிய இடம் ஓடுதளம். நமக்கு உள்ள நல்ல வாய்ப்பு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் வைத்திருக்கிற ஓடுதளம்; தேசிய மோட்டார்சைக்கிள் டிராக் பந்தயங்கள் அங்கே நடக்கின்றன. (அதற்கு முந்தின தலைமுறை சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் ஓட்டினார்கள்.) இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் போட்டி லைசன்ஸ் எடுக்க வேண்டும். ஒவ்வொரு போட்டிக்கும் தனி விதிப்புத்தகம் வரும், அதை வரிக்கு வரி படியுங்கள். நான் கீழே சொல்கிற அமெரிக்க அளவுகள் காரணம் புரிவதற்காக, உங்கள் போட்டியில் செல்லுபடியாவது அந்தப் புத்தகம் மட்டும்தான். அப்புறம் ஒரு சின்ன விஷயம்: 600 கிலோமீட்டரை அதே பைக்கில் ஓட்டிக்கொண்டு போய் அதே டயரில் பந்தயம் ஓட்டாதீர்கள். பெட்ரோலைச் சுத்தமாக இறக்கிவிட்டு ரயில் பார்சலில் போடலாம், நாலு பேர் சேர்ந்து ஒரு மினி லாரியும் பிடிக்கலாம்.

நிறுத்துவது

2008 ஜூன் 21. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலம் இங்கிலீஷ்டவுனில் தகுதிச்சுற்று. ஸ்காட் கலிட்டா சாதாரண ஆள் இல்லை, டாப் ஃப்யூவல் (நைட்ரோ எரிபொருளில் ஓடுகிற, நீளமான, மிக வேகமான வண்டிகள்) வகையில் 1994, 1995 இரண்டு வருடமும் சாம்பியன். அன்றைக்கு அவர் ஓட்டிய ஃபன்னி காரின் (அதே எரிபொருளில் ஓடுகிற, சாதாரணக் கார் மாதிரி மேல்கூடு போட்ட வண்டி) என்ஜின் எல்லைக்கோட்டை நெருங்கும்போது வெடித்தது, பாராசூட்டுகள் கைகொடுக்கவில்லை, வண்டி போதுமான அளவு வேகம் குறையாமலே ஓடுதளத்தின் கடைசி வரை போய் மோதியது. அவர் பிழைக்கவில்லை. சில நாட்களிலேயே அந்தப் பந்தயங்களை நடத்துகிற என்.எச்.ஆர்.ஏ. அமைப்பு டாப் ஃப்யூவல், ஃபன்னி கார் இரண்டுக்கும் தூரத்தை 1,320 அடியில் இருந்து 1,000 அடியாக, அதாவது 402 மீட்டரில் இருந்து 305 மீட்டராகக் குறைத்தது. தற்காலிகம் என்றுதான் ஆரம்பித்தார்கள், இன்றும் அதுதான் தூரம். குறைத்த அந்த 97 மீட்டரும் அப்படியே நிற்கிற பகுதிக்குப் போய்ச் சேர்ந்தது. அதோடு, என்ஜின் மேல் பக்கம் வெடித்தால் ஓட்டுநர் கை வைக்காமலே எரிபொருள் நின்று, தீப்பொறி நின்று, பாராசூட் தானாக விரிகிற கருவியும் வந்தது. வெடித்த அந்த நொடியில் மனுஷன் மயக்கத்தில் இருக்கலாம், கண்ணாடி முழுக்க ஆயிலாக இருக்கலாம், அவனை நம்பி எதையும் விடக்கூடாது என்கிற எண்ணம்தான் அதன் அடிப்படை.

நமக்கு இதில் இருந்து என்ன வேண்டும்? முதலில் பிரேக் ஆயில். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிப் பழசாகும்போது அது 155 டிகிரி வரை இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி, ஆவி வந்தால் லிவர் கைப்பிடி வரை வரும், வண்டி நிற்காது. ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் சீல் உடைக்காத டப்பாவில் இருந்து புதிதாக மாற்றி, காற்று எடுத்து விடுங்கள். திறந்து வைத்த பாதி டப்பாவை விட்டுவிடுங்கள். முடிந்தால் ரப்பர் ஹோஸுக்குப் பதில் ஸ்டீல் வலை போட்டது, பிரேக் பேட் பாதிக்கு மேல் இருக்க வேண்டும், டிஸ்க்கில் வளைவு இருக்கிறதா என்று சுற்றிப் பார்க்க வேண்டும்.

அப்புறம் டயர். பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசியாக நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருக்கிறது என்று பழைய டயரில் போகாதீர்கள், நம்ம ஊர் வெயிலில் வருடக்கணக்கில் நின்ற ரப்பர் உள்ளே காய்ந்து கிடக்கும். அளவு எழுதியிருக்கிற இடத்திலேயே வேகத்துக்கான எழுத்தும் இருக்கும்: பி (P) என்றால் 150, எஸ் என்றால் 180, எச் என்றால் 210, வி என்றால் 240 கிலோமீட்டர். என்ஜினுக்குச் செலவழித்து 170 வரை கொண்டுபோன வண்டியில் பி டயர் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன், பார்க்கவே பயமாக இருக்கும். பிடிமானம் கிடைக்கும் என்று பின் டயரில் காற்றை அளவுக்கு மேல் இறக்குவதும் ஆபத்துதான். கடைசியில் வேகத்தில் வண்டி வாலாட்ட ஆரம்பிக்கும்.

ஆக்ஸிலரேட்டர் கேபிளைப் பாருங்கள். என்ஜின் ஐடிலில் இருக்கும்போது ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள், சத்தம் ஏறக்கூடாது. முறுக்கி விட்டால் டக்கென்று தானாகத் திரும்பி வர வேண்டும், மெதுவாக வழுக்கி வந்தால் கேபிளை மாற்றிவிடுங்கள். அப்புறம் கில் சுவிட்ச் கயிறு. பைக்கில் இருந்து உங்கள் மணிக்கட்டுக்கு ஒரு சுருள் கயிறு, நீங்கள் விழுந்தால் கிளிப் பிடுங்கிக்கொண்டு என்ஜின் அணைந்துவிடும். ஆள் இல்லாத பைக் முழு ஆக்ஸிலரேட்டரில் மக்களை நோக்கிப் போவதைத் தடுக்கிற ஒரே பொருள் இதுதான், விலையும் பெரிதில்லை. மாட்டியபிறகு என்ஜினை ஓட விட்டுக் கிளிப்பைப் பிடுங்கிச் சோதியுங்கள், ஃப்யூவல் பம்ப்பும் சேர்ந்து நிற்கிறதா என்று கேளுங்கள். காரில் இதே வேலைக்கு பேட்டரி கட்-ஆஃப், வெளியில் நிற்கிறவர் கைக்கு எட்டுகிற இடத்தில்.

காரில் மணிக்கு 241 கிலோமீட்டரைத் தொட்டால் என்.எச்.ஆர்.ஏ.யில் பாராசூட் கட்டாயம். பைக்காரருக்கு உடம்புதான் பாராசூட்: எல்லைக்கோட்டைத் தாண்டியதும் ஆக்ஸிலரேட்டரை விட்டு, நெஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள், காற்றே வேகத்தைக் கொஞ்சம் எடுத்துவிடும், அதன் பிறகு முன் பிரேக்கைப் படிப்படியாக. ஒரேயடியாக நிமிர்ந்தால் காற்று ஹேண்டிலை ஆட்டிவிடும்.

உடைவதைப் பிடித்து வைப்பது

1970 மார்ச் 8, கலிபோர்னியாவில் லயன்ஸ் என்ற ஓடுதளம். டான் கார்லிட்ஸ் அந்தக் காலத்தின் பெரிய பெயர். அப்போதைய வண்டிகளில் ஓட்டுநர் பின்னால், என்ஜினும் கிளட்ச்சும் கியர்பாக்ஸும் அவருடைய காலுக்கு முன்னாலும் நடுவிலும் இருக்கும். பச்சை விளக்கு எரிந்து கிளம்பியதும் டிரான்ஸ்மிஷன் வெடித்து, வண்டி இரண்டாக உடைந்து, அவருடைய வலது பாதத்தில் ஒரு பகுதி போய்விட்டது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே அவர் யோசித்தது, என்ஜினை ஏன் எனக்குப் பின்னால் வைக்கக்கூடாது என்று. 1971இல் அப்படியொரு வண்டியோடு வந்து ஜெயித்தும் காட்டினார், சில வருடத்தில் டாப் ஃப்யூவல் முழுக்க அப்படியே மாறிவிட்டது. எனக்கு இந்த விளையாட்டில் ரொம்பப் பிடித்த கதை இது, ஏனென்றால் பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம் வேகத்தையும் குறைக்கவில்லை.

சுழல்கிற எதுவும் எதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். சுற்று இரட்டித்தால் ஃப்ளைவீலை (என்ஜினோடு சேர்ந்து சுழல்கிற கனமான சக்கரம்) பிய்க்கிற விசை நான்கு மடங்காகும். கம்பெனி கார்களில் வருகிற வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் கம்பெனி சொன்ன சுற்றுக்குத்தான். ரெவ் லிமிட்டரை (என்ஜின் சுற்று அளவு மீறாமல் தடுப்பது) ஏற்றிவிட்டு அதையே வைத்திருந்தால், பிளந்த துண்டு காரின் தரையைக் கிழித்துக்கொண்டு கால் பக்கம் வரும். இழைத்து எடை குறைத்த வார்ப்பிரும்பு இன்னும் மோசம். லேத்தில் கொடுத்து அதைக் கடைகிற வேலையைத் தயவு செய்து செய்யாதீர்கள். முழு ஸ்டீலில், சான்று பெற்ற ஃப்ளைவீலும் கிளட்ச்சும் போடுங்கள், வேகமான கார் என்றால் அதைச் சுற்றித் துண்டுகளைத் தடுக்கிற ஸ்டீல் பெல் ஹவுசிங்கும். இந்தச் சான்றுகளைத் தருகிற எஸ்.எஃப்.ஐ. என்ற அமைப்பு 1978இல் இருந்து இருக்கிறது, சாமானின் மேல் அதன் ஸ்டிக்கரும் தேதியும் இருக்கும். ஜீப், பொலேரோ போல் பின் சக்கரம் தள்ளுகிற வண்டி என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் வேண்டும், முன் யூ ஜாயின்ட்டில் இருந்து 6 இன்ச்சுக்குள். முன் ஜாயின்ட் உடைந்து ஷாஃப்ட் தரையில் குத்தினால் வண்டியே எழும்பிக் கவிழ்ந்துவிடும், வளையம் இருந்தால் அதிலேயே தொங்கும்.

பைக்கில் செயின். ஓப்பன் லிங்க் கிளிப் போட்ட செயின் என்றால் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்த்து இருக்க வேண்டும், திருப்பிப் போட்டால் எதிலாவது உரசிக் கழன்று வந்துவிடும். ரிவிட் அடித்த லிங்க் இன்னும் நல்லது. இறுக்கம் பார்க்கும்போது ஸ்டாண்டில் நிறுத்திப் பார்க்காமல் ஆள் ஏறி உட்கார்ந்து பாருங்கள், ஸ்விங் ஆர்மை நீட்டிய, இறக்கிய வண்டிகளில் வித்தியாசம் நிறைய வரும். செயினுக்கு மேல் இரும்பு அல்லது அலுமினிய மூடி கட்டாயம். அறுந்த செயின் சாட்டை மாதிரிதான் பின்னால் வரும், வழியில் இருப்பது உங்கள் கால்.

ஆயில் டிரெய்ன் போல்ட்டுக்கு லாக் ஒயர் போடுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நம்ம பட்டறைகளில் இது பழக்கத்திலேயே இல்லை. போல்ட்டைக் கழற்றி வைஸில் பிடித்து, தலையின் ஒரு மூலையில் இருந்து பக்கத்து முகத்துக்கு 1.5 மில்லிமீட்டர் துளை போடுங்கள். கை டிரில்லில் போட்டால் பிட் உடையும், பெஞ்ச் டிரில் உள்ள இடத்தில், சொட்டுச் சொட்டாக ஆயில் விட்டு மெதுவாக. பிசிறைத் தேய்த்து, புது வாஷரோடு போல்ட்டைச் சரியான முறுக்கில் இறுக்குங்கள். 0.8 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் கம்பியைத் துளையில் நுழைத்து, இரண்டு முனையையும் சேர்த்து ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டே போய், என்ஜினில் அசையாத ஒரு இடத்தில் கட்டுங்கள். இதில் முக்கியம் கம்பி இழுக்கிற திசை: போல்ட் கழலப் பார்த்தால் கம்பி அதை இறுக்குகிற பக்கம் இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் கட்டினால் கம்பி இருந்தும் இல்லாத கணக்கு. முனையை மடக்கி உள்ளே தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவை கை கிழியும். ஆயில் ஃபில்டர் மூடி, ஆயில் ஊற்றுகிற மூடி இரண்டுக்கும் இதேதான். ஒரு போல்ட் கழன்றால் ஆயில் நேராக உங்கள் பின் டயரில், அடுத்து ஓடுகிறவர் டயரிலும். நைட்ரோ கார்களில் என்ஜினுக்கு அடியில் ஆயிலைப் பிடிக்க ஒரு உறையே கட்டியிருப்பார்கள், என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற சூப்பர்சார்ஜர் பிய்த்துக்கொண்டு போகாமல் இருக்க அதற்கு மேல் பட்டைகள் போட்டிருப்பார்கள்.

ரேடியேட்டரில் பச்சைக் கூலன்ட் இருந்தால் இறக்கிவிடுங்கள். அது தரையில் சிந்தினால் ஆயிலுக்குச் சமமாக வழுக்கும், சீக்கிரம் காயவும் செய்யாது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள், போர் தண்ணீர் வேண்டாம், உப்பு உள்ளே படிந்துவிடும். நைட்ரஸ் (என்ஜினுக்குக் கூடுதல் பலம் தருகிற வாயு) போடுகிற யோசனை இருந்தால் இன்னும் ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். போட்டே தீருவேன் என்றால் முழு ஆக்ஸிலரேட்டரில் மட்டும் திறக்கிற சுவிட்ச், கெட்டியான பிராக்கெட், பிரஷர் ரிலீஃப் வெளியே போகிற குழாய் மூன்றும் வேண்டும். பாட்டிலைத் தீ வைத்துச் சூடு பண்ணுவது என்ற பேச்சே கூடாது.

உடம்பு

ஹெல்மெட்டில் இரண்டு வகை உண்டு என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. ஹெல்மெட்டைச் சோதித்துத் தருகிற ஸ்னெல் சான்றில் எம் என்பது மோட்டார்சைக்கிளுக்கு, எஸ்.ஏ. என்பது காருக்கு. எஸ்.ஏ. ஹெல்மெட்டின் உள் துணி தீப்பிடிக்காதது, காருக்குள் ஓட்டுநரைச் சுற்றி அடிக்கிற இரும்புக் கூண்டின் குழாயில் திரும்பத் திரும்ப இடிபடுவதைத் தாங்குகிற சோதனையும் அதற்கு உண்டு. கார் ஓட்டுகிறவர் பைக் ஹெல்மெட்டோடு போகக்கூடாது. எதுவானாலும் முழுமுகம் மூடியது, நெற்றியில் விரல் நுழையாத இறுக்கம். ஒரு தடவை விழுந்து அடிபட்டதென்றால் வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். உள்ளே இருக்கிற தெர்மாகோல் ஒரே தடவைதான் அமுங்கும்.

எரிக் மெட்லன் என்ற இளம் ஓட்டுநர் 2007 மார்ச்சில் புளோரிடாவில் கெயின்ஸ்வில் ஓடுதளத்தில் பயிற்சி ஓட்டத்தில் இருந்தபோது, பின் டயர் கெட்டு, வண்டி பக்கவாட்டில் பயங்கரமாக உதறியது. சுவரில் மோதிய அடியை விட அந்த உதறலில் தலை இரண்டு பக்கமும் கூண்டில் மாறி மாறி அடிபட்டதுதான் பெரிய காயம். நாலு நாளில் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அவருடைய அணியான ஜான் ஃபோர்ஸ் ரேசிங் கூண்டின் வடிவம், தலையைச் சுற்றிய பஞ்சு எல்லாவற்றையும் மாற்றியது, மற்ற அணிகளும் பின்தொடர்ந்தன. அதனால் கூண்டு என்றால் கவிழும்போது கூரை அமுங்காமல் இருக்க மட்டும் என்று நினைக்காதீர்கள். ஹெல்மெட் படக்கூடிய ஒவ்வொரு குழாய்க்கும் கெட்டியான பேடிங் வேண்டும், கடையில் கிடைக்கிற மெத்தை ஸ்பாஞ்ச் இதற்கு உதவாது. கழுத்துக்கு, ஹப்பர்ட் என்ற பொறியாளரும் டவுனிங் என்ற ஓட்டுநரும் 1980களில் உருவாக்கிய ஹான்ஸ் கருவி. தோளில் உட்கார்ந்து ஹெல்மெட்டை இரண்டு வாரால் பிடித்துக்கொள்ளும். முன்னால் மோதும்போது உடம்பு பெல்ட்டில் நிற்க, தலை மட்டும் பிடுங்கிக்கொண்டு முன்னால் போவதை அது தடுக்கிறது.

கூண்டு அடிக்க, கேட்டும் ஜன்னல் கிரில்லும் அடிக்கிற இடத்தில் கொடுக்காதீர்கள். தண்ணீர்க் குழாய் கூடாது, தையல் இல்லாத ஸ்டீல் குழாய் வேண்டும். என்.எச்.ஆர்.ஏ. விதியில் சாதா ஸ்டீல் என்றால் 1¾ இன்ச் விட்டம், 3 மில்லிமீட்டர் கனம். தலைக்கு 6 இன்ச்சுக்குள்ளும் ஹெல்மெட்டுக்கு 3 இன்ச் மேலேயும் இருக்க வேண்டும். காரின் தகட்டில் நேராக வெல்டு வைத்தால் குத்திக்கொண்டு இறங்கிவிடும், அதனால் 6 இன்ச் சதுரத் தகடு தரைக்கு மேலும் கீழும் வைத்து போல்ட் போட வேண்டும். வெல்டிங்கை அழகுக்காகக் கிரைண்டரில் தேய்ப்பது அங்கே தடை, தேய்த்தால் பிடிப்பே போய்விடும். அவர்கள் கணக்கில் கால் மைலை 13.99 வினாடியில் ஓடினாலே ஹெல்மெட், 11.49இல் ரோல் பார் (கூண்டின் பின்பாதி மட்டும்), 9.99இல் முழுக் கூண்டு (புது மாடல் கார்களுக்குச் சில சலுகை உண்டு). கூண்டு போட்ட காரை அதன் பிறகு ஊருக்குள் ஓட்டாதீர்கள், ஹெல்மெட் இல்லாத தலைக்கு அந்தக் குழாயே எமன்.

பெல்ட் ஐந்து புள்ளி. தோள்பட்டை வார் தோள் உயரத்தில் பின்னால் போக வேண்டும், தரையில் கொண்டுபோய்க் கட்டினால் மோதும்போது முதுகெலும்பை அமுக்கும். வாரில் செய்த தேதி இருக்கும், எஸ்.எஃப்.ஐ. கணக்கில் இரண்டு வருடம்தான். வெயிலில் நிறுத்தின காரில் பெல்ட்டின் நூல் பவுடராகும்; நகத்தால் சுரண்டிப் பார்த்தால் மாவு மாதிரி உதிரும், நிறமும் வெளுத்திருக்கும். அப்படி இருந்தால் தேதியைப் பார்க்கவே வேண்டாம்.

தீ உடையில் உள்ள எண்ணுக்கு அர்த்தம் தெரிந்து வாங்குங்கள். எஸ்.எஃப்.ஐ. 3.2ஏ/1 என்றால் தோல் கொப்பளிக்கிற அளவுக்குச் சூடு உள்ளே வர 3 வினாடி. /5 என்றால் 10 வினாடி, /15 என்றால் 30, /20 என்றால் 40. நைட்ரோ ஃபன்னி காரில் முன்னாலேயே என்ஜின் எரியும், அவர்கள் போடுவது 20. உங்கள் காரில் இருந்து பெல்ட்டைக் கழற்றி வெளியே வர எத்தனை வினாடி ஆகிறது என்று மணி பார்த்து, அதற்கு இரட்டிப்பாக உள்ள உடையை வாங்குங்கள். உள்ளே பருத்தி பனியன் போதும். பாலியஸ்டர் டி-ஷர்ட் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பைக்காரருக்கு முழுத் தோல் உடை, மேலும் கீழும் ஜிப்பால் சேர்ந்தது, கணுக்கால் மூடிய பூட், முதுகுக் கவசம், உள்ளங்கையில் கவசம் உள்ள கையுறை. ஜீன்ஸ் தரையில் ஒரு வினாடிகூடத் தாங்காது.

வீட்டிலேயே பழக வேண்டியது

என்.எச்.ஆர்.ஏ. லைசன்ஸுக்கு வருகிற ஓட்டுநரைக் கண்ணைக் கட்டி உட்கார வைத்து, பாராசூட் லிவர் எது, எரிபொருள் அடைப்பு எது, தீயணைப்பான் எது என்று தொட்டுக் காட்டச் சொல்வார்கள். ஒரு பைசா செலவில்லாமல் இதை உங்கள் வீட்டு முற்றத்தில் செய்யலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு, கையுறையோடு, முதலில் கில் சுவிட்ச், அப்புறம் பெல்ட், அப்புறம் ஜன்னல் வலை, அப்புறம் கதவு. தம்பியோ மச்சானோ திடீரென்று "தீ!" என்று கத்தட்டும். யோசிக்காமல் கை போகிற வரை செய்யுங்கள்.

ஓட்ட நாள்

விடிகாலையிலேயே போய்விடுங்கள். பரிசோதனையில் அதிகாரி ஏதாவது குறை சொன்னால் வாதம் பண்ணாதீர்கள், அவர் பார்த்த வண்டிகள் நீங்கள் பார்த்ததை விட அதிகம். வண்டி வரிசையில் ஏறும் முன் நிற்கிற பகுதி எங்கே முடிகிறது, வெளியேறும் வழி எந்தப் பக்கம், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது, மூன்றையும் நேரில் பாருங்கள். ஆம்புலன்ஸ் ஒரு ஆளைக் கொண்டுபோய்விட்டுத் திரும்பி வராத நேரத்தில் ஓடச் சொன்னால் ஓடாதீர்கள். உங்கள் ரத்த வகை, மருந்து ஒவ்வாமை, வீட்டு எண் மூன்றும் ஒரு சீட்டில் எழுதிக் கூட வந்தவர் பையில் இருக்கட்டும். தோல் உடையை மாட்டிக்கொண்டு வெயிலில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டி வரும், ஜிப்பைத் திறந்து விட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள், தலை லேசாகச் சுற்றினாலும் அந்த ஓட்டத்தை விட்டுவிடுங்கள்.

கிளம்புகிற இடத்தில் நிற்கிற விளக்கு மரத்தைப் பார்த்துப் பதறுகிறவர்கள் நிறைய. சாதாரண முறையில் மூன்று மஞ்சளும் அரை வினாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக எரிந்து பச்சை வரும், தொழில்முறையில் மூன்றும் ஒன்றாக எரிந்து 0.4 வினாடியில் பச்சை. புதிதாக ஓட்டுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் ஓட்ட நேரம் பச்சையில் தொடங்குவதில்லை, உங்கள் முன் சக்கரம் கிளம்பும் கோட்டில் உள்ள ஒளிக்கதிரை விட்டு நகரும்போதுதான் தொடங்குகிறது. தாமதமாகக் கிளம்பினால் பக்கத்து ஆளிடம் தோற்கலாம், உங்கள் நேரம் கெடாது. ஆகவே முதல் சில ஓட்டங்களைப் பாதித் தூரம் மட்டும் முழு வேகத்தில் போய், விட்டுவிட்டு, பிரேக் எப்படிப் பிடிக்கிறது, வண்டி நேராகப் போகிறதா என்று பாருங்கள். திருப்தியானால் முழுத் தூரம்.

ஓட்டத்தின் நடுவில் சத்தம் மாறினாலோ, ஆயில் வாசனை வந்தாலோ, முன் சக்கரம் இறங்காமல் நின்றாலோ அதோடு விட்டுவிட வேண்டும். ஆக்ஸிலரேட்டரை விடுங்கள், கிளட்ச்சைப் பிடியுங்கள், உங்கள் லேனுக்குள்ளேயே வெளி ஓரத்துக்கு மெதுவாக ஒதுங்கி நின்று, என்ஜினை அணைத்து, தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். ஆயில் சிந்திக்கொண்டே ஓடுதளம் முழுக்கப் போனால் அடுத்தவரைக் கொல்கிற வேலை அது. பக்கத்து லேனில் யார் எங்கே வருகிறார் என்று தெரியாமல் குறுக்கே வெட்டக்கூடாது, அவர் உங்களை விட வேகமாக, பிரேக் பிடிக்காமலும் வரலாம்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் சக்கர நட்டுகள், செயின் இறுக்கம், லாக் ஒயர், பிரேக் லிவர் எவ்வளவு உள்ளே போகிறது, டயர் பக்கச் சுவரில் சுருக்கம் இருக்கிறதா, இவ்வளவையும் கையால் தொட்டுப் பாருங்கள், கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. ஊருக்கு வந்ததும் ஆயிலை வடித்து ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பிடியுங்கள். பளபளவென்று துகள் தெரிந்தால் என்ஜினைத் திறக்க வேண்டும், அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுப்பது அதற்கு அப்புறம்.